மேல்குழலில் ஒரு தோட்டா

"நாளைக்குக் காலைல நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறார், அக்கா. நான் தேய்ச்ச விசை ரென்ஸோவைக் கொன்னுச்சா, இல்லையா? ஆமான்னு முடிவாச்சுன்னா நான் உள்ள."

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நீவெஸ் இதைச் சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். துப்பாக்கிப் பட்டறைக் கைகள். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. ஒரு வாரமாக அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

முன்சீட்டில் இருந்த துப்பறிவாளர் ஓர்னெல்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மெல்லா ஆற்றிலிருந்து எழுந்த பனி பாலத்தை மூடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு பட்டறையில் குழல் தட்டும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. அவள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் இருந்த இடைவெளிகளையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம் யோசிக்கறாங்க," என்றான் ஓட்டுநர் இருக்கையில் இருந்த உதவியாளன் கில்தோ. "இன்னும் கொஞ்ச நேரத்துக்குப் பேச்சு வராது. பசிச்சா சொல்லு, போய் ஏதாவது சாப்பிட்டுட்டே வந்துடலாம்."

"தோட்டா எந்தக் குழல்ல இருந்துச்சுன்னு மறுபடி சொல்லு," என்றாள் ஓர்னெல்லா.

நீவெஸ் இரண்டு விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினாள். "மேல ஒரு குழல், கீழ ஒரு குழல். ரென்ஸோ துப்பாக்கில மேல்குழல்ல சுட்ட தோட்டா இருந்துச்சு. கீழ்க்குழல்ல சுடாத தோட்டா."

"அதுல என்ன அதிசயம்? எங்க வீட்டுலயும் சத்தம் எப்பவும் மேல் மாடியிலருந்துதான்," என்றான் கில்தோ.

"பறக்கற களிமண் தட்டைச் சுடறவங்க வீட்டுல அப்படி இல்ல. முதல் வெடி கீழ்க்குழல்தான். கீழ சுட்டா உதை நேரா தோளுக்கு வரும், துப்பாக்கி துள்ளாது. முதல் வெடில தட்டு தப்பிச்சாலும் கண்ணு அதை விடாது. ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடறதா இருந்தாலும் கீழதான் போடுவாங்க. ஞாயித்துக்கிழமை விருந்துல முட்ட முட்டக் குடிச்சிட்டு வந்தாலும் கை கீழதான் போகும்."

"அப்ப மேல்குழல் எப்படிச் சுட்டுச்சு?"

"நான் விசையை ரொம்ப லேசாக்கிட்டேனாம். ரென்ஸோ துப்பாக்கியை மூடின அதிர்ச்சில மேல் சுத்தி தானா விழுந்து தோட்டா வெடிச்சுச்சாம். போலீஸ் நிபுணர் அப்படித்தான் எழுதியிருக்கார்." அவள் குரல் உடைந்தது. "லேசாக்கினது நிஜம். ரென்ஸோவே கேட்டுதான் செஞ்சேன். ஆனா மூடினா விழற அளவுக்கு நான் தேய்க்கல. என் வேலை எனக்குத் தெரியும்."

ரென்ஸோ நகரப் பேருந்து ஓட்டியவன். கையில் இருந்த காசுக்கு ஃபெர்மோவின் கடையில் பழைய துப்பாக்கி ஒன்று வாங்கி, மலைமேல் இருக்கும் துப்பாக்கிக் கழகத்தில் களிமண் தட்டுகளைச் சுடப் பழகிக்கொண்டிருந்தான். இரண்டு வாரத்துக்கு முன் கழகத்தின் சுத்தம் செய்யும் அறையில் மார்பில் ஈயக் குண்டுகளோடு செத்துக் கிடந்தான். பக்கத்தில் அவன் துப்பாக்கி. அறையில் வேறு ஆள் இல்லை.

"தோட்டா அடியில ஊசி குத்தின தழும்பு இருக்குமே," என்றாள் ஓர்னெல்லா.

"இருக்கு. ஆனா ரென்ஸோ துப்பாக்கில ஊசி தேய்ஞ்சு போயிருக்கு. 'உறுதியாகச் சொல்ல முடியாது'ன்னுட்டாங்க. ஒப்பிட்டுப் பார்க்க வேற துப்பாக்கி இருந்தா கொண்டு வாங்கன்னாங்க. நான் எங்க போவேன்?"

ஓர்னெல்லா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். இரண்டில் ஒன்று. அதிர்ச்சியில் சுத்தி விழுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கை, சுட்ட தோட்டாவைக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்க வேண்டும். துப்பாக்கி செய்தே பிழைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் எந்தக் கை மேலே போகும்?

"ரென்ஸோ சாகற அன்னிக்குக் காலைல கடைசியா நின்ன இடம் ஃபெர்மோ கடை. தோட்டா வாங்க வந்தான்னு ஃபெர்மோ சொல்லியிருக்கார். ரென்ஸோ வழியிலேயே போய்ப் பார்ப்போம். நான் தட்டு சுடப் பழைய துப்பாக்கி தேடறவ. கையில காசு குறைவு."

"அது நடிப்பே இல்லையே, மேடம்," என்றான் கில்தோ.

நீவெஸைப் பாலத்தடியில் இருந்த காபிக்கடையில் இறக்கினார்கள். இறங்குமுன் அவள் சட்டைப்பையிலிருந்து மருந்தில்லாத இரண்டு பித்தளைத் தோட்டாக்களை எடுத்து ஓர்னெல்லாவின் கையில் வைத்தாள். "வாங்க வர்றவங்க கையில இது இருக்கும். விசையைச் சும்மா அழுத்தினா ஊசி கெட்டுடும்ல. அப்புறம், குழலை ஜன்னல்ல பிடிச்சுப் பாருங்க அக்கா. உள்ள எங்கயாவது கறுப்பா ஒரு வளையம் தெரிஞ்சா அது வீங்கின குழல். என்ன விலை சொன்னாலும் வேண்டாம்."

*

கடைக்குள் எண்ணெயும் ஈர மரமும் கலந்த வாசனை. ஃபெர்மோ ஒல்லியான மனிதர். அறுபதைத் தாண்டியவர். தணிந்த குரல். யாரும் தன்னை அவசரப்படுத்த முடியாது என்று தெரிந்தவரின் நடை.

"தட்டுக்கா, சின்யோரா? எவ்வளவுக்குள்ள பார்க்கறீங்க?"

"ஆயிரத்து ஐநூறு யூரோ."

"புதுசுன்னா அந்தக் காசுக்குக் கட்டையும் ஒரு திருகாணியும் தரலாம்." அவர் சிரித்தார். "பழசுல பார்ப்போம். பழசு நல்லதுதான். கெட்டுப் போறதெல்லாம் ஏற்கெனவே கெட்டிருக்கும்."

"என்னையும் இப்படிச் சொல்லித்தான் என் மாமனார்கிட்ட தள்ளினாங்க," என்றான் கில்தோ.

முதலில் எடுத்துக் கொடுத்தது எடை குறைந்த ஒன்று. ஓர்னெல்லா அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். கன்னம் கட்டையில் படிந்தபோது கண் குழலின் முதுகுக்குக் கீழே போய்விட்டது.

"வேட்டைத் துப்பாக்கி," என்றாள்.

ஃபெர்மோவின் புருவம் உயர்ந்தது. "சரியாச் சொல்லிட்டீங்க. முக்கால்வாசிப் பேர் அழகைப் பார்த்து இதைத்தான் வாங்கிட்டுப் போவாங்க. சாயங்காலம் வரைக்கும் தட்டு சுட்டா தோள் அழும். அதோட, இதைத் திறந்தாலே சேஃப்டி பூட்டு தானா விழுந்துடும். தட்டு விடச் சொல்லிக் கத்துவீங்க. தட்டு பறக்கும். விசை அசையாது."

"என் கல்யாண வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமா யாரும் சொன்னதில்ல," என்றான் கில்தோ.

இரண்டாவது கனமாக இருந்தது. கன்னக்கட்டை உயரம். ஓர்னெல்லா கண்ணை மூடிக்கொண்டு தோளில் பதித்து, திறந்தாள். குழல் முனையின் மணி நேராக நின்றது. நீவெஸ் சொல்லிக் கொடுத்தபடி முன்கட்டையைக் கழற்றிவிட்டு மெல்ல ஆட்டினாள். கீல் கலகலக்கவில்லை. பிறகு குழல்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனாள்.

வெளியே பனி வெளிச்சம் பால் போல இருந்தது. மேல்குழல் கண்ணாடி. கீழ்க்குழலின் நடுவில், மோதிரம் போல, ஒரு கறுப்பு வளையம்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. குழலை இறக்கவும் இல்லை.

"வெளிச்சம் சரியில்ல, சின்யோரா," என்றார் ஃபெர்மோ.

அவள் குழலை இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"பழைய வீக்கம். தட்டிச் சரிபண்ணி மேல நிறம் ஏத்தியிருக்கு. ஒண்ணும் ஆகாது."

அவள் இன்னும் பேசவில்லை. கடிகாரத்தின் ஓசை மட்டும் கேட்டது. ஓர்னெல்லாவின் மௌனத்தில் மற்றவர்கள் அதிக நேரம் நிற்க முடியாது என்பதைக் கில்தோ பல தடவை பார்த்திருக்கிறான். அவனுக்கே அதில் மூச்சு முட்டும்.

"உங்களை மாதிரியே ஒருத்தன் இருந்தான்," என்றார் ஃபெர்மோ கடைசியில். "எதை எடுத்தாலும் ஜன்னல்ல பிடிப்பான்."

"என்ன வாங்கினார்?"

"ஜன்னல்ல பிடிக்காம ஒண்ணு வாங்கினான். அன்னிக்கு ஒரே இருட்டு, மழை." அவர் குழலை அவள் கையிலிருந்து மென்மையாக வாங்கிக்கொண்டார். "அப்புறம் ஒருநாள் வெயில் வந்துச்சு."

கில்தோ சுவரில் மாட்டியிருந்த மானின் தலையைப் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்தது.

ஓர்னெல்லா துப்பாக்கியைப் பூட்டச் சொன்னாள். ஒரு பித்தளைத் தோட்டாவை நீட்டினாள். "விசை எப்படின்னு பார்க்கணும். நீங்களே ஒண்ணு போட்டு அழுத்திக் காட்டுங்க. எனக்குச் சரியா வராது."

அவள் கண் அவர் விரலிலேயே இருந்தது. நீவெஸ் சிறையில் கழிக்க வேண்டிவரும் ஐந்து வருடம் அந்த விரல் நுனியில் இருந்தது.

ஃபெர்மோ தோட்டாவை வாங்கினார். துப்பாக்கியைத் திறந்தார். தோட்டாவைக் கீழ்க்குழலில் போட்டார். மூடினார். டக்.

"எப்பவும் கீழ்தான் முதல்ல," என்றார், பாடம் சொல்கிற தொனியில். "பழகிக்கங்க."

ஓர்னெல்லாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் கில்தோவுக்குத் தெரிந்தது, அவளுக்குள் ஏதோ இறங்கிவிட்டது. வந்த வழி முடிந்துவிட்டது. காபிக்கடையில் நடுங்கும் கைகளோடு ஒருத்தி காத்திருக்கிறாள்.

"வேற இல்லையா?" என்று கேட்டாள் சும்மா, கேட்க வேண்டுமே என்று.

ஃபெர்மோ அவளை ஒரு கணம் அளந்தார். "எந்த ஊர்னு சொன்னீங்க?"

"சொல்லல. ஜெனோவா."

"கடல் பக்கம்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "இருங்க."

உள்ளறையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். பச்சைத் துணியில் மூன்று பாகங்களாகப் படுத்திருந்தது. கட்டையின் கன்னம் படும் இடம் தேன் நிறத்தில் தேய்ந்திருந்தது. எத்தனையோ வருடம் ஒரே முகம் சாய்ந்த இடம்.

"இது கடைச் சரக்கு இல்ல. என்னோடது. உங்க காசுக்கே தர்றேன்."

"இதோட விலை அதைப் போல மூணு மடங்கு இருக்குமே. ஏன் விக்கறீங்க?"

"தோள் போயிடுச்சு. டாக்டர் வேண்டாங்கறார். இங்கயே யாருக்காவது வித்தா வாராவாரம் கண்ணுல படும். தூரமாப் போகட்டும்."

ஓர்னெல்லா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கீல் இறுக்கம். குழல்கள் இரண்டும் ஜன்னலில் தெளிவு, ஒரு நிழல் கூட இல்லை. சேஃப்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பொத்தான், எந்தக் குழல் முதலில் என்று மாற்றிக்கொள்ள. அதன் மேல் அவள் கண் நிற்கவேயில்லை. நிமிர்ந்து சுவரில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். இளமையான ஃபெர்மோ, இதே துப்பாக்கி, தூரத்தில் ஆகாயத்தில் ஒரு புள்ளி.

"அந்தப் புள்ளிதான் தட்டா?"

"ஆமா."

"அவ்வளவு தூரம் போன பிறகா சுடுவீங்க?"

ஃபெர்மோ சிரித்தார். இந்தத் தடவை வியாபாரச் சிரிப்பு இல்லை. "கழகத்துல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. ஃபெர்மோ சுடறதுக்குள்ள தட்டுக்கு வயசாகித் தானே விழுந்துடும்னு. என்ன பண்றது? மத்தவங்க அது கிளம்பின உடனே அடிப்பாங்க. எனக்கு அது வேகத்தை விடணும். போய்ப் போய், இனிமே போக வேண்டாம்னு அதுக்கே தோணணும். அந்த நேரம் ஒண்ணு இருக்கு."

"எனக்கும் அவசரம் பிடிக்காது," என்றாள் ஓர்னெல்லா. அது பொய் இல்லை. "காட்டுங்களேன், எப்படிக் காத்திருப்பீங்கன்னு."

ஒரு தோட்டாவை நீட்டினாள். ஒரே ஒன்று.

ஃபெர்மோ துப்பாக்கியைப் பூட்டினார். கண் ஜன்னலுக்கு வெளியே, பனிக்கு அப்பால், இல்லாத ஒரு தட்டைத் தேடியது. முகம் தளர்ந்து, புகைப்படத்தில் இருந்தவனின் முகமாக ஆனது. கை தன் பாட்டுக்குத் தோட்டாவை எடுத்துப் போட்டது. மூடியது. துப்பாக்கி தோளுக்குப் போய், தேய்ந்த இடத்தில் கன்னம் சாய்ந்தது. குழல்முனை மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் நகர்ந்து ஏறியது. அவர் காத்திருந்தார். கில்தோ மூச்சு விடாமல் காத்திருந்தான்.

டக்.

"போச்சு," என்றார் ஃபெர்மோ சந்தோஷமாக. துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்தார்.

மேல்குழலிலிருந்து எடுத்தார்.

கில்தோவின் வாயில் தயாராக இருந்த ஒரு கிண்டல் அப்படியே நின்றது. ஓர்னெல்லா கைப்பையைத் திறந்தாள்.

"எடுத்துக்கறேன்," என்றாள். "அனுமதி அட்டை இந்தாங்க. விற்றவர்ங்கற இடத்துல உங்க பேரைப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

ஃபெர்மோ எழுதினார். நிதானமாக, அழகான கையெழுத்தில். துப்பாக்கியை மறுபடி மூன்று பாகமாக்கிப் பெட்டியில் படுக்கவைத்தார். ஞாயிற்றுக்கிழமை கழகத்தில் கம்பியில் சுட்ட கறியும் பொலெந்தா என்கிற சோளக்களியும் உண்டு, வர வேண்டும் என்றார். பொலெந்தா இருக்கிற இடத்துக்குத் தன்னைக் கட்டி இழுத்துத்தான் வரவேண்டும் என்றான் கில்தோ. ஆனால் அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

*

கார்க் கதவை மூடியதும் கில்தோ திரும்பினான். பெட்டி ஓர்னெல்லாவின் மடியில் இருந்தது.

"முதல்ல கீழ போட்டாரே மேடம். நான் கணக்கை முடிச்சுட்டேன்."

"அது கடைத் துப்பாக்கி. வியாபாரி கை போட்டுச்சு. இது அவரோடது." அவள் கடையின் கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "கீழ்க்குழலோட வாய் கொஞ்சம் அகலம். கிட்டக்க அடிக்கறவங்களுக்கு. மேல்குழல் வாய் இறுக்கம். தூரத்துக்கு அதுதான். தட்டைத் தூரமாப் போகவிட்டு அடிக்கற மனுஷன் எதை முதல்ல சுடுவார்? அன்னிக்கு ரென்ஸோவைச் சுட்டார். தன் துப்பாக்கியைத் திறந்தார். சுட்ட தோட்டாவை மேலருந்தும் சுடாததைக் கீழருந்தும் எடுத்தார். ரென்ஸோ துப்பாக்கியைத் திறந்து ரெண்டையும் அதே இடத்துல போட்டார். பதற்றத்துல இருக்கற கைக்குப் பழகின இடம்தானே தெரியும்."

"எதுக்கு?"

"ரென்ஸோ வாங்கின குழலும் வீங்கினது. வெயில் வந்த அன்னிக்குப் பார்த்துட்டான்."

"துப்பாக்கியை ஆத்துல போட்டிருக்கலாமே."

"இந்தப் பள்ளத்தாக்குல ஒரு துப்பாக்கி காணாமப் போனா ஊரே தேடும். வித்தா யாரும் கேக்க மாட்டாங்க. காரை எடுக்காத. கொஞ்சம் இரு."

கண்ணாடிக்கு உள்ளே ஃபெர்மோ நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் ஓர்னெல்லா விட்டுவந்த ஒரு பித்தளைத் தோட்டா இருந்தது. அவர் அதை எடுத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வாசலைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

மேலங்கி கூட இல்லாமல் வெளியே வந்தார். மழை பிடித்திருந்தது. ஓர்னெல்லாவின் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். அவள் அதை இறக்கினாள்.

"அந்தத் துப்பாக்கி வேண்டாம், சின்யோரா." மழை அவர் முகத்தில் வழிந்தது. "மறந்துட்டேன். உள்ள ஒரு விரிசல் இருக்கு. ஆபத்து. பணத்தைத் திருப்பித் தர்றேன்."

"தன் சரக்கைத் தானே குறை சொல்ற வியாபாரியை இன்னிக்குத்தான் பார்க்கறேன்," என்றான் கில்தோ. அவன் கை மெல்லச் சாவியைத் தொட்டது.

ஓர்னெல்லா கண்ணாடியை ஏற்றவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகவோ கேள்வியாகவோ இல்லை, சும்மா.

"கடைல எதை வேணும்னாலும் எடுத்துக்கங்க. காசே வேண்டாம்."

கூரையில் மழை விழுந்தது. பட்டறையில் குழல் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"அவன்கிட்டயும் இதைத்தான் சொன்னேன்." ஃபெர்மோவின் குரல் கதவுக்கு வெளியிலேயே கரைந்தது. "எதை வேணும்னாலும் எடுத்துக்கோ, வாயை மட்டும் மூடிக்கோன்னு. கடையை இழுத்து மூட வைக்கறேன்னான். முப்பது வருஷக் கடை. அவன் கேக்கல. நீங்களாவது கேளுங்க."

ஓர்னெல்லா கண்ணாடியை ஏற்றினாள்.

கார் பாலத்தை நோக்கி இறங்கியது. கில்தோ கராபினியேரி போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு, பின்கண்ணாடியில் பார்த்தான். ஃபெர்மோ நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஓடிட மாட்டாரே?"

"மாட்டார். அவருக்குக் காத்திருக்கத்தான் தெரியும்."

காபிக்கடையின் மூலை மேசையில் நீவெஸ் தொடாத கோப்பையோடு இருந்தாள். ஓர்னெல்லா அவள் முன்னால் பெட்டியை வைத்துத் திறந்தாள். "நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேற துப்பாக்கி. மேல் ஊசி கூர்மையா இருக்கான்னு பாரு."

நீவெஸ் கோப்பையைத் தள்ளிவைத்தாள். மேசைமேல் கைக்குட்டையை விரித்து, பாகங்களைப் பூட்டினாள். குனிந்து ஊசித் துளையைப் பார்த்தாள். விளக்குப் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தாள். ஊசி தேயாமல் கூர்மையாக இருந்தது. அவள் தோள்கள் மெல்ல இறங்கின.

"விசை எப்படி இருக்கும்னு ஒரு தடவை அழுத்திப் பார்க்கட்டுமா, அக்கா?"

ஓர்னெல்லா கைப்பையில் மிச்சமிருந்த பித்தளைத் தோட்டாவை எடுத்துக் கொடுத்தாள். நீவெஸ் அதை வாங்கினாள். கண் இன்னும் ஊசித் துளையிலேயே இருந்தது. நடுக்கம் நின்றிருந்த அவள் கை, யோசிக்காமல், கீழ்க்குழலுக்குப் போனது.